மார்கழி மல்லிக்கு டானிக் எதற்கு?

மார்கழி பிறந்துவிட்டால் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் மல்லி விலை கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது வழக்கம். ஆனால் விற்கத்தான் செடியில் பூ இராது. இந்தச் சமயம் பார்த்து, ‘பனியிலும் மொட்டு வைக்கும்’ என்று டானிக் பாட்டில்கள் ஊருக்குள் வருகின்றன. அரை ஏக்கர் குண்டுமல்லியை நம்பியிருப்பவர் கடன் வாங்கியாவது தெளித்துப் பார்க்கிறார். அது வீண் செலவு என்பதே என் கருத்து.

மார்கழியில் மல்லிக்கு உள்ள குறை பசியல்ல. பகல் குறுகி, இரவு குளிர்ந்து கிடப்பதால் செடி அரும்பு கட்டுவதைக் குறைத்துக்கொள்கிறது.

செடிக்குக் குளிரும் சூடும் எப்படித் தெரிகிறது? 2020இல் கேம்பிரிட்ஜ் செயின்ஸ்பரி ஆய்வுக்கூட விஞ்ஞானிகளும் பிறரும் இதற்கு ஒரு விடை கண்டனர். அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் சிறு செடியில் ஈ.எல்.எஃப்.3 என்றொரு புரதம் உண்டு. பூப்பதற்கான ஜீன்களை அடக்கி வைக்கும் காவல்காரன் அது. வெப்பம் ஏறினால் செல்லுக்குள் பரவியிருந்த இந்தப் புரதம், ரசத்தின் மேல் எண்ணெய் சேர்வதுபோலத் துளித்துளியாகத் திரண்டுவிடுகிறது. காவலுக்கு நின்றவர்கள் வெயில் தாளாமல் வேப்பமர நிழலில் கூடிவிட்டால் ஆடு வயலில் இறங்காதா? அப்படித்தான் பூக்கும் வேலை தொடங்குகிறது. குளிர்ந்தால் துளி கரைந்து, காவல் திரும்பிவிடும்.

இதில் நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. வெப்பமான இடங்களுக்குப் பழகிய சில செடிகளின் புரதத்தில், துளியாகத் திரளும் அந்தப் பகுதியே இல்லை என்பதையும் அவர்கள் கண்டனர். ஆகவே கடுகுச் செடியில் கண்டதை மல்லிக்கு அப்படியே பொருத்துவது தவறு. நாளை யாராவது இந்தப் புரதத்தின் பெயரையே லேபிளில் அச்சிட்டு விற்க வந்தாலும் (வரத்தான் போகிறார்கள்) வாங்கவேண்டாம்.

பணத்தைக் கவாத்துக் கூலிக்கு வையுங்கள். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டி, செடிக்குப் 10 கிலோ தொழு உரமிட்டால், வெயில் ஏறும் பங்குனியில் புதுக்கிளைகளில் அரும்பு கட்டும். பனிக்காலப் பூவுக்கு ஆசைப்படுவோர் நாலு வரிசையை மட்டும் செப்டம்பர் கடைசியில் வெட்டிப் பார்க்கலாம். தோட்டம் முழுவதையும் பணயம் வைக்கவேண்டாம்.

எங்கள் தரப்பிலும் கடன் பாக்கி உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தையும் சேர்த்து மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரைக் காத்தது போதாது. எத்தனை டிகிரி இரவில் மல்லி மொட்டை நிறுத்துகிறது என்பதை நிலக்கோட்டைத் தோட்டங்களிலேயே அளந்து, எங்களைப் போன்றோர் விவசாயிக்குச் சொல்லியாகவேண்டும். உச்ச, நீச வெப்பம் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்றைத் தோட்டத்து நிழலில் மாட்டி, தினசரி வெப்பத்தையும் பறித்த பூவின் எடையையும் நோட்டில் எழுதி வைப்பவர் இருந்தால், அவர் தோட்டத்திலிருந்தே தொடங்கலாம்.