தவறு மேசையில் நேரட்டும்!

எங்கள் சூளூர்பேட்டையில் நின்றால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விண்ணில் பாய்வதைக் காணலாம். கண்டு களிக்கிறோம், கைதட்டுகிறோம். அதைச் செலுத்தும் கணினி நிரலை எழுதிப் பழகுகிறோமா?

கல்லூரி ஆய்வுக்கூடம் திறக்கட்டும் என்று காத்திருப்பானேன்? ஜி.சி.சி. கம்பைலர் 1987 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. அதைச் சொந்தக் கணினியில் நிறுவ ஒரு மாலைப்பொழுது போதும்.

1996இல் ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதற்பயணத்திலேயே, நாற்பது வினாடிக்குள் வெடித்துச் சிதறியது. ஏன்? 16 பிட் இடத்தில் அடங்காத எண்ணை அதன் நிரல் அங்கே திணிக்க முயன்றது!

இன்றிரவே சி மொழியில் ‘ஷார்ட்’ என்னும் 16 பிட் இடத்தில் 40000 என்று இட்டு, அச்சிடச் சொல்லுங்கள். -25536 என்று வரும். அந்த வியப்பே பாடம். தவறு நம் மேசையில் நேரட்டும், விண்ணில் வேண்டாம்!