கரும்பலகையிலேயே பூட்டப்பட்ட ரேஷன் கடை

ரேஷன் அரிசியை நிறுத்திவிட்டு அதன் மதிப்பைப் பணமாகக் கொடுப்பதே மேல், சமநோக்கு வளைகோட்டுப் பகுப்பாய்வு இதை ஐயமின்றி நிறுவிவிட்டது என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருந்தார். அவர் வரைந்த படத்தையே எடுத்துக்கொள்வோம். பதினோராம் வகுப்புத் தேர்வில் இதை இப்படி விளக்கியிருந்தால் பாதி மதிப்பெண்கூடத் தேறியிருக்காது.

கிடையச்சில் அரிசி, செங்குத்தச்சில் மற்ற பொருள்கள். 20 கிலோ அரிசியை இலவசமாகக் கொடுத்தால் விலைக்கோடு அந்த அளவுக்கு வலப்பக்கம் நகரும். இடது மேல்மூலையில் ஒரு துண்டு மட்டும் படுத்துக் கிடக்கும். பணமாகக் கொடுத்தால் அந்த இடத்திலும் கோடு ஏறிப்போய் அச்சைத் தொடும். வித்தியாசம் அந்த மூலை முக்கோணம்தான். மாதம் 20 கிலோவுக்கும் குறைவாகவே அரிசி வேண்டும் என்கிற வீடுகளுக்கு மட்டும் அது பொருந்தும். 35 கிலோ பொங்கும் வீட்டை இரண்டு திட்டமும் ஒரே புள்ளியில்தான் நிறுத்தும். பணம் அரிசியைவிட மோசமாக இருக்காது, அவ்வளவுதான் பாடம். இவரோ அந்தத் துணிச்சலில் பூட்டு வாங்கக் கிளம்பிவிட்டார். போகட்டும், அரிசி வேண்டாதவர்களுக்குத் தமிழ்நாட்டில் சர்க்கரை அட்டை என்று ஒன்று இருப்பதையாவது கேள்விப்பட்டிருக்கலாம்.

அந்தப் பாடமும் விலை அசையாதிருக்கும்வரைதான் செல்லும். கிலோ 40 ரூபாய் என்று கணக்கிட்டு 800 ரூபாய் போடுகிறார்கள் என்று வையுங்கள். விலை 50 ஆனால் கைக்கு வருவது 16 கிலோ. அரிசியாகக் கொடுக்கும்போது அரசின் தலையில் விழுகிற விலையேற்றம், பணமாகக் கொடுத்ததும் குடும்பத்தின் தலைக்கு மாறுகிறது. இன்னொன்று, கொடுக்கும் முறையே சந்தை விலையை நகர்த்தக்கூடியது. மெக்சிகோவில் சில கிராமங்களுக்கு உணவுப் பொருளும் சிலவற்றுக்குப் பணமும் கொடுத்துப் பார்த்தார்கள். பொருள் போன கிராமங்களில் உணவு விலை, பணம் போன கிராமங்களைவிடக் குறைந்திருந்ததாகக் குன்ஹா, டி ஜார்ஜி, ஜெயச்சந்திரன் ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. கட்டுரையாளரின் கோட்டுக்கோ சாய்வு மாறுவதே இல்லை.

வீட்டுக்கு ஒரே மனம் என்பதும் அவரது கோட்டுக்குள் ஒளிந்திருக்கும் அனுமானம். பிரிட்டனில் 1970களின் பிற்பகுதியில் குழந்தைகளுக்கான உதவித்தொகை தந்தையரிடமிருந்து தாய்மார் கைக்கு மாறியது; பெண்கள், குழந்தைகளின் உடைகளுக்கான செலவு கூடியது. பணம் யார் கையில் சேர்கிறது என்பதே செலவை மாற்றுகிறது. டாஸ்மாக் இருக்கும் ஊரில் இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது, நுகர்வோர் தேர்வுதான் இறுதித் தீர்ப்பு என்று அவர் அடித்துச் சொன்ன வாக்கியம். நல்லது, கேட்டுப் பார்த்துவிட்டார்கள். 2011இல் ஒன்பது மாநிலங்களில் நடந்த கள ஆய்வைப் பற்றி ரீத்திகா கேரா எழுதியிருக்கிறார். ரேஷன் கடை ஒழுங்காக நடக்கும் தமிழ்நாடு, சத்தீஸ்கர் போன்ற இடங்களில் மக்கள் அரிசியைக் கேட்டார்கள். கடை சீர்கெட்டுக் கிடந்த பீகாரில்தான் பணத்தின் பக்கம் சாய்ந்தார்கள். புதுச்சேரியில் 2015இல் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் திட்டம் தொடங்கியது. 2024இல் அங்கே ரேஷன் கடைகளை மீண்டும் திறந்தார்கள். இங்கிருந்து பேருந்தில் போய்வரும் தூரம்தான்.