சில நாள் அழகும் பல மாத உழைப்பும்

ஒவ்வோராண்டும் ஜனவரித் திங்களில், குடியரசு நாளை ஒட்டி, நம் புனே நகரின் எம்ப்ரஸ் தோட்டத்தில் மலர்க் கண்காட்சி நடைபெறுவது வழக்கம். ஏரவாடாவில் வாழும் நம்மவர்க்கு அத்தோட்டம் தொலைவில் இல்லை. பண்ட் கார்டன் பக்கமாக முளா-முடா ஆற்றைக் கடந்து, கோரேகாவ் பார்க், கோர்ப்படி வழியே சென்றால் குதிரைப் பந்தய மைதானத்திற்கு அருகே அதனைக் காணலாம். 39 ஏக்கர் பரப்புடைய அத்தோட்டத்தை, 1830ஆம் ஆண்டில் தோன்றிய மேற்கு இந்திய வேளாண் தோட்டக்கலைக் கழகம் பராமரித்து வருகிறது. பிள்ளைகளுடன் கண்காட்சிக்குச் சென்று வருவோர் நம் சங்கக் குடும்பங்களில் பலர் உண்டு. ஆயினும் அங்கே நாம் காண்பது மலரையே. மலரச் செய்தவரை அன்று. ஆதலால் இத்திங்கள், காட்சித் தோட்டம் எவ்விதம் உருவாகிறது, அதனை உருவாக்குவோர் யாவர் என்பது பற்றிச் சில கூற விழைகிறேன்.

வீட்டுத் தோட்டம் வேறு, காட்சித் தோட்டம் வேறு. வீட்டுத் தோட்டத்தில் செடி தனக்கு உகந்த காலத்தில் பூக்கும், நாம் காத்திருப்போம். காட்சித் தோட்டத்திலோ நாள் முதலில் குறிக்கப்படுகிறது. செடி அந்நாளுக்குக் காத்திருக்க வேண்டும். நேற்றுப் பூத்து வாடியதும் பயனில்லை, நாளை மறுநாள் பூக்கப் போவதும் பயனில்லை. வண்டி இன்ன நேரத்தில் வந்து சேர வேண்டுமாயின் எந்நேரத்தில் புறப்பட வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடுவது ரயில்வே ஊழியராகிய எங்களுக்குப் பழக்கம். தோட்டக்காரரின் கணக்கும் அத்தகையதே.

ஜனவரி 26ஆம் நாளை எடுத்துக்கொள்வோம். பெட்டூனியா என்னும் பூச்செடி விதையிட்டுப் பூக்க ஏறத்தாழ 90 நாட்கள் ஆகும். பின்னோக்கி எண்ணினால் அக்டோபர் 28 வருகிறது. ஆனால் மார்கழிக் குளிரில் புனேயில் செடிகளின் வளர்ச்சி மந்தப்படும். எனவே அதற்கும் ஒரு வாரம் பத்து நாள் முன்னதாகவே விதை மண்ணில் விழ வேண்டும். குட்டைவகைச் செண்டுமல்லிக்கு 60 நாட்கள் போதும். தசராவில் வாயிலெங்கும் தோரணமாகத் தொங்குமே, மராட்டியர் ‘ஜேண்டூ’ என்று அழைக்கும் பூ, அதுவேதான் இது. முந்திக்கொண்டு மொட்டு வைக்கும் செடிக்கு நுனி கிள்ளி விடுவார்கள். கிள்ளிய இடத்தில் பக்கக் கிளைகள் வெடித்து, இரண்டொரு வாரம் தாமதித்து, முன்னினும் அதிகமாகப் பூக்கும்.

செவ்வந்தியின் இயல்பு விந்தையானது. மராட்டியிலும் அதற்கு ‘சேவந்தி’ என்றே பெயர். நம் வீட்டுப் பெண்மணிகள் மண்டையில் அப்பூவை வாங்க மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவதில்லை. இரவு நீண்டால்தான் செவ்வந்தி மொட்டு வைக்கும். கார்த்திகையிலேயே பூத்துத் தீர்ந்துவிடாமல் அதனை நிறுத்தி வைக்க வேண்டுமாயின், நள்ளிரவில் சிறிது நேரம் விளக்கேற்றி வைக்கிறார்கள். நீண்ட இரவு இரண்டு குறுகிய இரவுகளாகப் பிளவுபட, இன்னும் காலம் வரவில்லை என்று எண்ணிச் செடி காத்திருக்கிறது. விரைவில் பூக்க வேண்டுமாயின் மாலையிலேயே கறுப்புத் துணியால் மூடிவிடுகிறார்கள்.

செடிகள் தயாரானதும் தோட்டத்தைக் கட்ட வேண்டும். ‘கட்டுதல்’ என்னும் சொல்லே இங்குப் பொருந்தும். முதலில் நிலத்தைச் சமப்படுத்தி, நீர் வடிய வழி செய்வர். பின்னர்க் கல், பாதை, குளம் ஆகிய கனத்த வேலைகள். அவை முடிந்த பின்பே பெரிய மரங்கள், அடுத்துப் புதர்கள், இறுதியில் பூச்செடிகள். பின்புறத்தில் தொடங்கி முன்புறம் நோக்கி நட்டு வருவர். இல்லையேல் நட்டதை மிதிக்க நேரும். பல செடிகளைத் தொட்டியுடனேயே மண்ணில் புதைத்து, விளிம்பு தெரியாமல் தென்னை நார்த்தூளால் மூடிவிடுவார்கள். ஒன்று வாடினால் மற்றொன்றை அவ்விடத்தில் இறக்கிவிடலாம் அல்லவா? ஒவ்வொரு செடியின் நல்ல முகத்தையும் பார்ப்போர் பக்கம் திருப்பி வைப்பர். கண்காட்சி நாட்களில் வாயில் திறக்குமுன், விடியற்காலையிலேயே வாடிய இதழ்களைக் களைந்து, இலைகளிலுள்ள தூசியைக் கழுவி, நீர் வார்த்து முடித்துவிடுவார்கள்.

இக்கலை உலகப் புகழ் பெற்ற இடம் லண்டன் மாநகரின் செல்சீ. அங்கே, ஓய்வுபெற்ற போர்வீரர்கள் வாழும் ராயல் ஹாஸ்பிடல் மைதானத்தில், 1913ஆம் ஆண்டு முதல் மே திங்களில் மலர்க் கண்காட்சி நடந்து வருகிறது. வெறும் புல்தரையாகக் கிடக்கும் நிலத்தில் ஏறக்குறைய மூன்று வாரங்களில் சுவர், ஓடை, முதிர்ந்த மரம் யாவும் கொண்ட தோட்டங்கள் எழுகின்றன. காட்சி நடப்பதோ ஐந்தே நாட்கள். தோட்டம் வகுப்பவர் தம் நோக்கத்தை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். அந்நோக்கம் எவ்வளவு நிறைவேறியது என்பதைக் கொண்டே நடுவர்கள் பதக்கம் அளிக்கின்றனர். காட்சி முடிந்ததும் தோட்டம் பிரிக்கப்படும். அண்மை ஆண்டுகளில், அவை பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பொதுவிடங்களிலும் மீண்டும் வேரூன்றும்படி முன்னரே திட்டமிடப்படுகின்றன. இது போற்றத்தக்க மாற்றமாகும்.

நம் தாயகத்திலும் இதற்குக் குறைவில்லை. உதகமண்டலத்தில் 1848இல் மெக்ஐவர் என்னும் தோட்டக்கலை வல்லுநர் அமைத்த தாவரவியல் பூங்காவில், கோடைதோறும் மே திங்களில் மலர்க் கண்காட்சி நடைபெறுகிறது. கொரோனா நோய்த்தொற்றின் காரணமாக 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் அது நடைபெறவில்லை. பல மாதங்களுக்கு முன் விதைத்த நாற்றுகள் அதனை எங்ஙனம் அறியும்? பார்ப்பாரின்றியும் அவை பருவம் தவறாமல் பூத்தன. பூங்கா ஊழியர்கள் அவற்றுக்கு நீர் வார்த்தே வந்தனர். பெங்களூர் லால்பாக்கில் 1889இல் அடிக்கல் நாட்டப்பெற்ற கண்ணாடி மாளிகையில் ஆண்டுக்கு இருமுறை, குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டிக் கண்காட்சி நடக்கிறது. ஊருக்குப் போகும் வழியில் அதனைக் கண்டவர்கள் நம்மிடையே இருப்பர்.

இத்துணையும் கூறியபின் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. தோட்டத்தை வகுத்தவர் பெயர் பலகையில் இருக்கிறது. பணம் உதவியவர் பெயரும் இருக்கிறது. நள்ளிரவில் விளக்கேற்றியவர், விடியற்காலையில் இதழ் களைந்தவர், கல் சுமந்த பெண்மணி ஆகியோரின் பெயர்கள் எங்கே உள்ளன?

இக்கேள்வியைக் கேட்கும் தகுதி புனே நகருக்கு உண்டு. மகாத்மா ஜோதிராவ் புலேயின் முன்னோர் பேஷ்வாக்களின் அரண்மனைக்குப் பூ வழங்கி வந்தனர். பூத்தொழிலாலேயே அக்குடும்பத்திற்குப் ‘புலே’ என்னும் பெயர் அமைந்தது. பூ அரண்மனைக்குள் சென்றது; அதனை வளர்த்த மாளி சமூகத்துக்கோ கல்வியும் மதிப்பும் மறுக்கப்பட்டன. அக்குடும்பத்தில் 1827இல் பிறந்தவர்தாம், தம் மனைவியார் சாவித்திரிபாயுடன் 1848இல் இந்நகரில் பெண்களுக்குப் பள்ளி திறந்தார். மலரைப் போற்றி மலர்த்தியவரை மறக்கும் வழக்கம் எத்துணைப் பொருந்தாதது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

நமக்கும் இது அயலார் கதையன்று. பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்த நம்மவரில் கட்டட வேலைக்கும் துப்புரவுப் பணிக்கும் தோட்ட வேலைக்கும் சென்றவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் கை பட்டு எழுந்தவற்றில் அவர்கள் பெயர் இல்லை. நம் பிள்ளைகள் அழகிய ஒன்றைக் காணும்போது, “இதைச் செய்தவர் யார்?” என்று கேட்கப் பழக வேண்டும். அடுத்த கண்காட்சிக்குச் செல்லும்போது, பூவாளியுடன் நிற்கும் தோட்டக்காரரை அணுகி, “காகா, உங்கள் பெயர் என்ன? இச்செடியை எப்போது விதைத்தீர்கள்?” என்று மராட்டியில் கேட்கச் சொல்லுங்கள். புத்தகத்தில் கிடைக்காத பாடம் அவரிடம் கிடைக்கும்.

கண்காட்சியில் நாற்றுப்பண்ணைக்காரர்கள் செடி விற்பதுண்டு. வாங்கிய செடி இரண்டு வாரத்தில் பட்டுவிட்டது என்று வருந்துவோர் பலர். முழுதும் பூத்த செடியை வாங்காதீர்கள். பூ குறைந்து மொட்டு மிகுந்ததையே தேர்ந்தெடுங்கள். வந்தவுடன் வெயிலில் வைக்காமல் ஒரு வாரம் அரைநிழலில் வைத்துப் பழக்குங்கள். மேல்மண் உலர்ந்த பின்பே நீர் வார்க்க வேண்டும். வேறு தொட்டிக்கு மாற்றும்போது வேரோடு ஒட்டிய மண்ணை உதறிவிடலாகாது. பிறந்த மண் சிறிதளவு உடன் இருந்தால் செடி புதிய மண்ணிலும் விரைவில் வேர் பிடிக்கும். இவ்வுண்மையை நம் போன்ற குடும்பங்களுக்கு விளக்கவும் வேண்டுமோ?

ஒற்றையறை வீட்டில் தோட்டத்திற்கு இடமேது என்று சிலர் கேட்கலாம். அடியில் நாலைந்து துளையிட்ட எண்ணெய் டின் ஒன்றும், நாளில் ஐந்தாறு மணி நேரம் வெயில் படும் வாயிற்படியும் போதும். இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய தொழுவுரம் கலந்து, குட்டைவகைச் செண்டுமல்லி விதையைப் பிள்ளைகள் கையால் தூவச் செய்யுங்கள். பொங்கலுக்குப் பூக்க வேண்டுமாயின், 60 நாட்களுடன் குளிருக்காக ஒரு வாரம் கூட்டி, நவம்பர் முதல் வாரத்தில் விதைக்க வேண்டும். நாட்காட்டியில் அந்நாளைக் குறித்து, பின்னோக்கி எண்ணும் கணக்கையும் அவர்களுக்கே விட்டுவிடுங்கள்.

பொங்கல் விழாவிற்கு வரும்போது அந்த டின்களையும் எடுத்து வாருங்கள். வரிசையாக வைப்போம். பரிசு வேண்டியதில்லை, நடுவரும் வேண்டியதில்லை. ஒவ்வொரு செடியின் அருகிலும் அதனை வளர்த்த பிள்ளையின் பெயரை மட்டும் தெளிவாக எழுதி வைப்போம்.