மூக்கில் வைக்கும் ஈயம்



போர் விமானங்களின் மாதிரிகளைப் பெரிய அளவில் செய்து, ரிமோட் கருவியால் பறக்கவிடுவதில் இளைஞர் சிலருக்குப் பேரார்வம் உண்டு. கொலைக்கருவியை விளையாட்டாக்குவது விசுவாசிக்குத் தகுமா என்று பெற்றோர் கேட்கின்றனர். தகும் என்பதே என் எண்ணம். ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு.

இரண்டாம் உலகப்போரின் ஜப்பானிய ஜீரோ விமானத்திற்கு மூக்கில் கனத்த இயந்திரம் இருந்தது. மாதிரியின் இயந்திரமோ இலேசானது. ஆகையால் பெரும்பாலும் வால் கனத்துவிடும். வால் கனத்த விமானம் தரையை விட்டதும் தலைதூக்கி, கைக்கு அடங்காமல் விழும். எனவே, வெறுந்தோணி சாயாதிருக்க அடியில் பாரம் வைப்பதுபோல, மூக்கினுள் ஈயம் வைத்து எடையைச் சமன்செய்வர். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஏறக்குறைய கால் பங்கு முதல் மூன்றிலொரு பங்குக்குள் சமநிலை அமையவேண்டும். அதன் பின்னரே பறக்கவிட்டு, வாலின் அசையும் பகுதியைச் சிறிது சிறிதாகத் திருத்துவர்.

1942 ஏப்ரல் 5, உயிர்த்தெழுந்த ஞாயிறு. மரணம் தோற்றதை நாம் கொண்டாடும் அந்தக் காலையில், நம் புன்னைக்காயலுக்குத் தென்கிழக்கே கடலுக்கு அப்பாலுள்ள கொழும்பின்மேல் ஜீரோக்களும் பிரித்தானிய ஹரிக்கேன்களும் மோதின. துறைமுகத்தில் குண்டுகள் விழுந்தன. மாண்டவர் எப்பக்கத்தவராயினும், ஒரு தாய் பெற்ற பிள்ளைகளே.

அந்த நினைவே நான் கேட்கும் ஈயம். பிள்ளையின் கையிலிருந்து விமானத்தைப் பறிக்காதீர்கள். அதன் அசல் செய்ததை அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். வெளியே தெரியாத அந்தப் பாரமே அவனை நிலைதடுமாறாமல் காக்கும். ஆமென்.