புளிசாதம் தயார், அனுமதி?

குர்லாத் தமிழ் இளைஞர்கள் பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து, சனிக்கிழமை கசாரா லோக்கலில் ஏறி, அங்கிருந்து ஜீப்பில் கல்சுபாய் மலைக்குக் கூடாரத்தோடு கிளம்புகிறார்கள். நல்ல காரியம்தான். ஆறு நாள் உழைத்தவனுக்கு 1,646 மீட்டர் உயரத்துக் காற்று வேண்டாமா? ஆனால் யார் புளிசாதம் கட்டுவது, யார் பணம் வசூலிப்பது என்பதோடு திட்டம் முடிந்துவிடுகிறது. அந்த மலை வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருக்கிறது. வனத்துறையிடம் கேட்டார்களா, அடிவாரத்துப் பாரி கிராமத்தில் வழிகாட்டி பிடித்தார்களா என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா? வார விடுமுறைக்கு மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அனுமதி டாப் ஸ்டேஷன் பாதைக்கு, அவர்கள் போனதோ கொழுக்குமலைக்கு என்றது வனத்துறை. எந்தப் பாதையில் ஆள் இருக்கிறார்கள் என்றே தெரியாவிட்டால், தீ வரும்போது யார் போய் எச்சரிப்பது?

கல்சுபாயிலும் கோடையில் புல் காய்ந்து கிடக்கும். மழையில் இரும்பு ஏணிகள் வழுக்கும். குழுவை அழைத்துப் போகிறவர் முதலில் அனுமதி கேட்கட்டும். போகும் வழியையும் பெயர்ப் பட்டியலையும் குர்லாவில் ஒரு வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வண்டி ஏறட்டும். மலையில் அடுப்பு மூட்டவே வேண்டாம். அதற்குத்தானே புளிசாதம்!