தீங்கற்ற கட்டியாயின் அகற்றுவது எதற்கு?

வரிப்பத்தான்சேனையிலிருந்து உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் வரைந்துள்ளார். அவருடைய உம்மாவுக்கு வயது 45. தொப்புளுக்கு அருகே தோடம்பழத்தினும் பெரிய கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்படுகின்றது. நோவு பெரிதாக இல்லை. உண்டபின் வயிறு கனப்பதோடு சரி. வைத்தியசாலையில் ஸ்கேன் செய்து பார்த்தவர்கள், அது குடலைத் தாங்கும் சவ்விலே தோன்றிய நீர்க்கட்டி என்றும், தீங்கற்ற வகையாகவே தெரிகின்றது என்றும், ஆயினும் சத்திரசிகிச்சை செய்து எடுத்துவிடுவதே நன்று என்றும் கூறினராம். “தீங்கில்லை என்றால் வெட்டுவது எதற்கு? வெட்டத்தான் வேண்டுமென்றால் நம்மிடம் எதையோ மறைக்கிறார்கள்” என்று உம்மா மறுத்துவிட்டார். வாப்பாவும் மூத்தம்மாவும் அவர் பக்கமே. வேளாண்மை வெட்டு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று சொல்லிச் சொல்லி இரண்டு போகம் கடந்துவிட்டன. யார் சொல்வது சரி என்பதே மாணவரின் வினா.

நாம் வைத்தியர் அல்லேம். கல்லூரியிலே விலங்கியல் கற்பிப்பவர். எனவே, ‘இன்னது செய்க’ என்று கூறும் உரிமை நமக்கில்லை. ஆனால் அந்த அம்மையாரின் கேள்வி அறிவுள்ள கேள்வி. அதற்கு விளக்கமான விடை கிடைக்காமற் போனதே இத்தனை தாமதத்துக்கும் காரணம் என்று எண்ணுகின்றோம்.

முதலில் அந்தச் சவ்வை அறிந்துகொள்வோம். ஹஜ்ஜுப் பெருநாட் காலத்தில் ஆட்டுக்குடலைச் சுத்தம் செய்த பெண்கள் அதனைக் கண்டிருப்பார்கள். குடலை இழுக்கும்போது அதனோடு ஒட்டிக்கொண்டு, கொழுப்பும் நரம்பும் ஓடும் மெல்லிய திரை ஒன்று வருமன்றோ? அதுதான் நடுமடிப்பு. மனிதரின் சிறுகுடல் ஏறக்குறைய 6 மீற்றர் நீளமுடையது. அதனை முதுகுப்புறச் சுவரோடு பிணைக்கும் மடிப்பின் அடியோ சுமார் 15 சென்ரிமீற்றர் மாத்திரமே. நீண்ட சேலையைக் கொசுவி இடுப்பிலே ஒரு பிடியாகச் செருகுவதுபோன்ற அமைப்பு அது. அந்தக் கொசுவத்தினூடாகவே குடலுக்கு வேண்டிய இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் செல்கின்றன. நிணநீர் செல்லும் வழியிலே எங்கேனும் அடைப்போ பிறவிக்குறையோ ஏற்பட்டு, நீர் தேங்கிப் பை போலாகிவிடுவதே இத்தகைய கட்டிகள் பலவற்றின் தோற்றம் என்பர். உள்ளே தெளிந்த நீர் இருக்கலாம். கொழுப்புக் கலந்து பால்போல் வெளுத்தும் இருக்கலாம்.

இவை மிக அரியவை. வளர்ந்தோரில் ஏறக்குறைய ஓர் இலட்சம் வைத்தியசாலை அனுமதிகளுக்கு ஒன்று என்று மருத்துவ நூல்கள் கணக்கிடுகின்றன. புளோரன்ஸ் நகரத்து வைத்தியர் பெனிவியேனி, இறந்த சிறுவன் ஒருவனின் உடலில் இத்தகைய கட்டியைக் கண்ட செய்தி 1507 இல் அச்சேறியது. உயிருள்ள ஒருவரின் வயிற்றிலிருந்து வெற்றிகரமாக அகற்றியவர் பாரிஸ் நகரத்துத் தியோ. அது 1880 ஆம் ஆண்டு. அவர் பெயரால் வழங்கும் ஓர் அடையாளமும் உண்டு. கட்டியைக் கையால் தள்ளினால், மடிப்பின் அடிக்கோட்டுக்குக் குறுக்காக அஃது எளிதில் நகரும். அக்கோட்டின் வழியே நகராது. வாசலில் தொங்கும் திரைச்சீலையைத் தள்ளிப் பாருங்கள். முன்னும் பின்னும் ஆடுமேயன்றிக் கம்பியின் நீளத்துக்கு ஓடாது. தேர்ந்த வைத்தியரின் விரல்களுக்கு இந்த வேறுபாடு தெரியும்.

ஆயினும் கை ஒன்றையே நம்பி எவரும் முடிவு கட்டுவதில்லை. பெண்களுக்குச் சூலகத்தில் தோன்றும் கட்டியும் இவ்வாறே தடவுபடும். கணையத்தைச் சுற்றி நீர் தேங்கினும், நாயின் குடலில் வாழும் நாடாப்புழுவின் முட்டை மனித உடலிற் புகுந்து பையாக வளரினும் வெளித்தோற்றம் ஒன்றே. நோவில்லாத ஸ்கேன் அது நீரா தசையா என்பதைக் காட்டும், சீ.ரீ. ஸ்கேன் அயலிலுள்ள உறுப்புகளோடு அதற்குள்ள தொடர்பைக் காட்டும். ‘ஊசி குத்தி நீரை இழுத்துவிட்டாற் போதாதா?’ எனப் பலர் கேட்பதுண்டு. போதாது. பையின் சுவர் எஞ்சியிருக்க, நீர் மறுபடி ஊறும். கிருமி தொற்றவும் கூடும். நாடாப்புழுப் பையாயிருந்துவிட்டாலோ, உள்ளிருக்கும் நீர் வயிற்றினுள் கசிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இனி உம்மாவின் கேள்விக்கு வருவோம். ‘தீங்கற்றது’ என்ற சொல்லை வைத்தியர் ஒரு பொருளிற் சொல்கின்றார். நாம் வேறொரு பொருளிற் கேட்கின்றோம். அயல் உறுப்புகளைத் தின்று பரவும் புற்றுநோய்க் குணம் அதற்கில்லை என்பதே அவர் கருத்து. இத்தகைய கட்டிகளுள் புற்றாக மாறிக் காணப்படுபவை 100 இல் 3 அளவே. ஆனால் குணம் நல்லதாயினும் இருக்கும் இடம் நல்லதன்று. கொசுவத்தின் நடுவே கனத்த பை ஒன்று தொங்கினால், அதன் பாரத்தால் குடல் முறுக்கிக்கொள்ளலாம். முறுக்கிய குடலுக்கு இரத்தம் செல்லாது. சில மணி நேரத்தில் அது அழுகத் தொடங்கும். கட்டி உள்ளே வெடிக்கலாம். அதனுள் இரத்தம் கசியலாம். குடலை நெருக்கி வழியை அடைக்கலாம். திடீரென்று கடுநோவு, வாந்தி, காய்ச்சல், வயிறு உப்பி வாயு பிரியாமை ஆகியவை தோன்றினால் அது விடியும்வரை காத்திருக்கும் நேரமன்று. வாயு என்று கருதி எண்ணெயிட்டு வயிற்றை நீவுவதும் நம்மூர்களில் உள்ள வழக்கம். நீவுகிறவர் அன்பினால்தான் நீவுகிறார். கட்டியுள்ள வயிற்றில் மாத்திரம் அது வேண்டாம்.

மிகச் சிறியதாய், தொல்லை தராததாய், முதியவரிடம் தற்செயலாய்க் காணப்பட்டதாய் இருப்பின், பார்த்துக்கொண்டிருப்போம் என வைத்தியரே சொல்வதுண்டு. தோடம்பழத்தினும் பெரியது அந்த வரிசையிற் சேராது.

வெட்டுக்கு அஞ்சும் தாய்மாருக்கு ஒரு வரலாறு சொல்லலாம். அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில் ஜேன் குறோபோர்ட் என்ற பெண்மணி, தம் வயிறு பெருத்ததைக் கண்டு கருவுற்றதாகவே எண்ணியிருந்தார். அது சூலகக் கட்டி எனக் கண்டார் வைத்தியர் மக்டவல். 60 மைல் தூரம் குதிரையின்மேல் அமர்ந்து அவருடைய இல்லத்துக்குச் சென்ற அப்பெண்மணியின் வயிற்றிலிருந்து, 1809 டிசம்பரில், 22½ இறாத்தல் கட்டி அகற்றப்பட்டது. ஈதர் என்னும் மயக்கமருந்து வழக்குக்கு வந்தது 1846 இலேயே. மயக்கமின்றி ஏறக்குறைய 25 நிமிடம் அவர் அதனைத் தாங்கினார். 25 நாளில் வீடு திரும்பினார். பின்னும் 32 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று நோயாளி உறங்கி எழுவதற்குள் காரியம் முடிந்துவிடுகின்றது. கட்டியை முழுதாக உரித்தெடுப்பதே நோக்கம். குடலோடு இறுக ஒட்டியிருந்தால், அந்தச் சிறு துண்டுக் குடலையும் சேர்த்து எடுத்து எஞ்சிய முனைகளைப் பொருத்திவிடுவர். வாய்ப்பான இடங்களில் சிறு துளைகள் வழியாகவே இதனைச் செய்வதும் உண்டு. முழுதும் அகற்றப்பட்ட கட்டி திரும்ப வருவது அரிது.

மாணவர் இன்னொன்றும் எழுதியுள்ளார்: வைத்தியர் சிங்களத்திற் சொன்னதை ஊழியர் ஒருவர் அவசரமாகத் தமிழிற் சொன்னாராம். பாதிக் குழப்பம் அங்கேயே பிறந்தது போலும்! 1847 இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், ‘இரணவைத்தியம்’ என்ற நூலை 1867 இல் தமிழில் வெளியிட்டார். நோயாளியின் மொழியில் பேசாத வைத்தியம் பாதி வைத்தியமே என்று அவர் அறிந்திருந்தார் போலும். அடுத்த முறை மாணவரே உடன் சென்று, கேட்க வேண்டியவற்றை முன்னதாகத் தாளில் எழுதிக்கொள்ளட்டும். கட்டி எதனைச் சார்ந்தது? குடலை வெட்ட நேருமா? எத்தனை நாள் தங்கவேண்டும்? பெண் வைத்தியர் பரிசோதிக்க வேண்டுமென்றோ, தாதி ஒருவர் உடன் நிற்க வேண்டுமென்றோ உம்மா விரும்பினால் கூச்சமின்றிக் கேட்கலாம். அம்பாறையிலும் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் உள்ள அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணம் இல்லை.

அகற்றிய கட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்படும். ஸ்கேன் சொன்னது ஊகம். நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்துப் பார்த்துச் சொல்வதே முடிவு. அவ்வறிக்கை வரச் சில நாளோ வாரமோ செல்லும். நோயாளி அதற்குள் வீடு திரும்பிவிடுவார். பலர் அதனை வாங்கவே மறந்துவிடுகின்றனர். கேட்டு வாங்கி, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் எந்த வைத்தியரிடம் சென்றாலும் அவர் முதலிற் கேட்பது அந்தத் தாளைத்தான்.