அடிக்கல் போதாது, அடியில் கல் வேண்டும்!

ஆறு கரையை உடைத்துவிட்டது என்று பழி சொல்கிறோம். ஆற்றின் மடியை அறுத்தவன் யார் என்று மட்டும் கேட்க மறந்துவிடுகிறோம்!

வருசநாட்டு மலையில் பிறந்து, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை கடந்து, 258 கிலோமீட்டர் நடந்து, இராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து இளைப்பாறுகிறது வைகை. கண்மாய் நிறைந்து மிஞ்சினால்தான் கடல் காணும். அந்த வழியில் ஒரு கரையில் பரமக்குடி, மறுகரையில் எமனேசுவரம். தறியை நம்பி வாழும் ஊர்கள். கரை சரிந்தால் மாடிவீட்டுச் சீமானுக்கு நட்டமில்லை. கரையோரக் குடிசைதான் சரியும். வெள்ளம் தெருவில் புகுந்தால் முதலில் நிரம்புவது நெசவாளியின் தறிக்குழிதான்!

பல மாதம் வறண்டு கிடக்கும் ஆற்றுக்கா இத்தனை கவலை என்பார் சிலர். வறண்டு கிடக்கும் காலத்தில்தான் வஞ்சகம் நடக்கிறது! மணல் அள்ளுகிறான் ஒருவன். குப்பை கொட்டுகிறான் ஒருவன். இடத்தை வளைக்கிறான் இன்னொருவன். நடு ஆற்றில் சீமைக் கருவேலம் காடாகிறது. பிறகு ஒருநாள் பார்த்திபனூர் மதகணை தாண்டி வெள்ளம் வருகிறது. நடுவழி அடைபட்டிருக்க, அது எங்கே போகும்? கரையைத்தான் கடிக்கும்!

கரை தலையிலிருந்து சரிவதில்லை, தோழர்களே! காலிலிருந்து சரிகிறது. மணல் போனால் படுகை தாழும். படுகை தாழ்ந்தால் கரையின் அடி அந்தரத்தில் நிற்கும். ஓடும் நீர் அந்த அடியை அரிக்கும். வெள்ளம் வடிந்த பின்னும் ஆபத்து தீராது. நீர் குடித்துக் கனத்த மண், தாங்க ஆளின்றிப் பொத்தென்று விழும்.

இதற்கு மருந்து என்ன? "சுவர் கட்டு" என்கிறார்கள் உடனே. மதுரையில் சீர்மிகு நகரத் திட்டத்தில் இருகரையும் சுவரும் சாலையும் எழுந்தன. ஆற்றின் அகலம் குறுகிற்று என்ற குறை ஓயவில்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம், 1938 வெள்ளத்துக்குப் பின் தன் ஆற்றையே சிமெண்டுத் தொட்டியாக்கியது. இன்று அதன் சில பகுதிகளுக்காவது மீண்டும் ஆற்றின் உருவம் தர வழி தேடுகிறது!

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கல்லணை இருக்கிறது. ஆழம் காண முடியாத மணலில் பெருங்கற்களை இறக்கி, அவை அமிழ அமிழ மேலும் கல் அடுக்கி நிலைநிறுத்தினான் தமிழன். அந்த வித்தையை இங்கே கற்றுத்தான் ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1830-களில் முக்கொம்பில் மேலணை கட்டினார். அந்த மேலணையில்தான் 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தின் 9 மதகுகள் வெள்ளத்தில் போயின. மணல் கொள்ளையே காரணம் என்று உழவர்கள் குமுறினார்கள்.

ஆகவே, முறை இதுதான். முதலில் மணல் அள்ளுவதை நிறுத்த வேண்டும். படுகை மேலும் தாழாதபடி குறுக்கே தாழ்வான படுகை அணைகள் வேண்டும். கரையின் அடியில், சரளை விரித்து, அதன்மேல் பெருங்கல் அடுக்க வேண்டும். அடி அரிக்கப்பட்டால் அந்தக் கல் தானே இறங்கிப் பள்ளத்தை மூடும். மேலே கரையைச் செங்குத்தாக நிறுத்தாமல் சாய்வாகச் சீவி, வெட்டிவேரும் புல்லும் நட வேண்டும். சுவர் தவிர்க்க முடியாத இடத்தில், பின்னால் தேங்கும் நீர் வடியத் துளைகள் விட வேண்டும். கருவேலத்தை அகற்றும்போது, கரையில் வேர் பிடித்து நிற்பதை ஒரே நாளில் பிடுங்கி மண்ணை அம்மணமாக்கக் கூடாது.

பொறியாளர்களுக்கு இது தெரியாததல்ல. ஆனால் சுவரில் பெயர் பொறிக்கலாம். நீருக்கடியில் கிடக்கும் கல்லில் யார் பெயரைப் பொறிப்பது?

அதனால் நாம்தான் கேட்க வேண்டும். கரைவேலை என்று அறிவிப்பு வந்தால், நீர்வளத்துறையிடம் மதிப்பீட்டைக் கேளுங்கள். படுகை மட்டம் அளந்தீர்களா? ஆற்றின் பழைய அகலம் எவ்வளவு? அடிக்கல் விழா எந்த நாள் என்று கேட்காதீர்கள். அடியில் இடும் கல் எத்தனை அடி ஆழம் என்று கேளுங்கள்!

மாலை வாடிவிடும். மேடை கலைந்துவிடும். அடியில் கிடக்கும் கல்தான் ஊரைக் காக்கும்!